தேய்ந்த முன் சக்கர ஹப் மூடியை மாற்றும்போது: பழைய மூடியைப் படித்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்

கேள்வி இதுதான். ஒரு கனரக லாரியின் முன் சக்கர ஹப் (சக்கரத்தின் நடுவே பேரிங்குகள் உட்காரும் பகுதி) மூடிகள் இரண்டும் பழசாகிவிட்டன. ஒரு பக்கம் எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடி மங்கி, ஓரத்தில் ஈரம் தெரிகிறது. மறுபக்கம் விளிம்பு வளைந்து, ஒரு போல்ட் துளை நீண்டுபோயிருக்கிறது. புது மூடி வாங்கி மாட்டினால் போதுமா? சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

மூடி மட்டும் என்றால் சின்ன வேலைதான். பெரும்பாலான வண்டிகளில் ரிம்மின் நடுத்துளை வழியாகவே மூடி வெளியே வந்துவிடும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த மூடிக்கு நேர் பின்னால்தான் வெளிப்பக்க பேரிங்கும், அதைப் பிடித்திருக்கும் நட்டும், அந்த நட்டு சுழன்றுவிடாமல் தடுக்கும் பின்னும் இருக்கின்றன. சக்கரம் வண்டியோடு இருப்பதற்கு அந்த நட்டுதான் காரணம். சாதாரண நாளில் அவற்றைப் பார்க்க வழியே கிடையாது. மூடியைக் கழற்றிய நேரத்தில் பார்க்காமல் புதியதை மாட்டிவிட்டால், அடுத்த முறை அவற்றைப் பார்ப்பது சக்கரம் சூடாகிப் புகை வரும்போதாக இருக்கலாம். அதனால் மாட்டுவதைப் பற்றிச் சொல்வதைவிட, கழற்றும்போது பார்க்க வேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை மூடி என்று தெளிவாகட்டும். ரிம்மை அழகுபடுத்த சக்கர நட்டுகளை மறைத்து மாட்டும் பளபளப்பான தகட்டையும் பலர் ஹப் கேப் என்றே சொல்கிறார்கள். அது வேறு, இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. ஹப்பின் வாயை அடைக்கும் உண்மையான மூடி மூன்று விதமாக வரும். கிரீஸ் போட்ட ஹப்புக்கு, தட்டி உள்ளே இறக்கும் தகட்டு மூடி. மரை போட்டுத் திருகும் பெரிய மூடி. ஹப் முகத்தில் பேக்கிங் (கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் மெல்லிய அடைப்பு) வைத்து மூன்று முதல் ஆறு போல்ட்டால் இறுக்கும் மூடி. எண்ணெய் ஹப்புக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. அதில் நடுவில் ஒளி ஊடுருவும் கண்ணாடியும் ரப்பர் அடைப்பானும் இருக்கும். கண்ணாடி என்று சொன்னாலும் அது பிளாஸ்டிக்தான். நீங்கள் சொல்வது இந்த வகை.

இதில் சேராத இரண்டு வகை உண்டு. முன் சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும் வண்டிகளில் ஹப் முகத்தில் மூடிக்குப் பதிலாக டிரைவ் ஃபிளாஞ்ச் இருக்கும், அந்த வேலை வேறு. சில புதிய வண்டிகளில் பேரிங், கிரீஸ், சீல் எல்லாம் ஆலையிலேயே சேர்த்து அடைத்த ஒரே யூனிட்டாக வரும். அதில் மூடி வெறும் தூசித் தடுப்பு. அந்த வகையில் மூடியைத் திறந்து எண்ணெயோ கிரீஸோ சேர்க்கவே கூடாது.

இந்தச் சின்ன மூடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? முன் அச்சில் ஆறு ஏழு டன் இறங்கும் வண்டியில் ஒவ்வொரு முன் சக்கரத்தின் மேலும் மூன்று டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்குவது உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள். ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. குதிரை வண்டிகளின் சக்கரங்களை நினைத்துச் செய்தது, இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. உருளைகள் சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் சுமையையும் திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் தள்ளுதலையும் ஒருசேரத் தாங்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 320 முறை சுற்றுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 420 சுற்றுக்கு மேல். இத்தனை சுமையில் இத்தனை சுற்று சுற்றும் உருளைகளுக்கு நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். அதில் மணல் கலந்தாலும், தண்ணீர் கலந்தாலும், எண்ணெய் குறைந்தாலும் பேரிங் நெடுநாள் தாங்காது. வட அமெரிக்காவில் சாலையோரச் சோதனைக்கு சிவிஎஸ்ஏ என்ற வணிக வாகனப் பாதுகாப்பு அமைப்பு வகுத்திருக்கும் விதிகளில், மூடியோ அதன் அடைப்பானோ உடைந்து ஹப்பின் உள்பக்கம் வெளியே தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறது. என் பார்வையில் அது மிகச் சரியான விதி.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைத் துடைப்பதற்கு முன்னால் கறை எங்கே எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். கழுவிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். எண்ணெய் மூடியைச் சுற்றித் தொடங்கி, சக்கரத்தின் வெளி முகத்தில் நடுவிலிருந்து கோடு கோடாக வெளியே தெறித்திருந்தால் கசிவு மூடியில். டயரின் உள்பக்கத்திலோ, பிரேக் டிரம்மின் பின்புறத்திலோ ஈரம் இருந்தால் கசிவு ஹப்பின் உள்பக்கத்தை அடைக்கும் ஆயில் சீலில். அதற்குப் புது மூடி மருந்தாகாது. அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஏறினால் அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காது, பிரேக் அடிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். முன் சக்கரத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தால் சக்கரம், ஹப் எல்லாம் இறக்கி சீலை மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கையும் மாற்ற வேண்டும், கழுவிப் போட்டு ஓட்டக் கூடாது. அடைப்பானைச் சுற்றி லேசான ஈரம் மட்டும் இருந்து, அதில் தூசி ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். காற்றுப் போக்கும் அடைப்பானில் அவ்வளவு ஈரம் வழக்கம்தான். துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் எது கசிவு, எது வெறும் ஈரம் என்று தெரிந்துவிடும்.

அந்தக் காற்றுப் போக்கியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹப் கசிவுகளில் பலவற்றுக்கு அங்கேதான் வேர் இருக்கிறது. வண்டி ஓடும்போது ஹப் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. ரப்பர் அடைப்பானில் இருக்கும் மெல்லிய கீறல் அந்தக் காற்றை வெளியே விடுகிறது. ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டாலோ, சேறு அடைத்துக்கொண்டாலோ அழுத்தத்துக்குப் போக வழி இல்லை. அது பலவீனமான இடத்தைத் தேடும். ஒன்று மூடியின் பேக்கிங், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆயில் சீல். சீல் மாற்றி மாற்றிப் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால் முதலில் அடைப்பானைத்தான் சந்தேகப்பட வேண்டும். எதிர்த்திசையிலும் கெடுதல் உண்டு. சூடான ஹப்போடு வண்டி தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். ரப்பர் கிழிந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி கழுவும்போது அழுத்தக் குழாயை நேராக மூடியின் நடுவில் பிடித்தாலும் இதே கதைதான். எனவே பழைய அடைப்பானைப் பிடுங்கிப் புது மூடியில் பொருத்தாதீர்கள். புது மூடியோடு புது அடைப்பான்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஓடி வந்த உடனே திறக்க வேண்டாம், எண்ணெய் கையைச் சுடும். மூடியையும் அதைச் சுற்றி ஹப் முகத்தையும் பிரஷ்ஷால் நன்றாகத் துடையுங்கள். திறந்த பிறகு துடைத்தால் அந்த மண் முழுவதும் நேராக பேரிங்குக்குப் போகும். கீழே சுத்தமான தட்டு வையுங்கள். எண்ணெய் ஹப் என்றால் போல்ட்டைத் தளர்த்தியதும் மூடிக்குள் இருக்கும் எண்ணெய் கொட்டும். அது தரையில் போகக் கூடாது. தரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த எண்ணெயைத்தான் நீங்கள் முதலில் பரிசோதிக்கப் போகிறீர்கள்.

போல்ட்டுகளைக் குறுக்காக ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். ஹப் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே உளியைச் செருகாதீர்கள். முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், எந்தப் பேக்கிங் வைத்தாலும் அந்த இடத்தில் கசியும். தட்டி இறக்கும் கிரீஸ் மூடியாக இருந்தால் விளிம்பின் அடியில் தட்டையான கருவியை வைத்து, ஒரு இடத்தில் கொஞ்சம், எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி நகர்த்தி எடுக்க வேண்டும். மரை மூடிக்கு அதற்கென்று அளவான பெரிய ஸ்பானர் உண்டு. பைப் ரென்ச் போட்டால் மூலைகள் மழுங்கி அடுத்த முறை கழற்றவே முடியாது. எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதையும் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு இடது மரை வரும்.

இப்போது பழைய மூடி கையில் இருக்கிறது. தூக்கிப் போடாதீர்கள். அதன் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வட்டமாகத் தேய்ந்த தடமோ பளிச்சென்ற வளையமோ தெரிகிறதா? மூடி ஹப்போடு சேர்ந்து சுற்றுகிறது. ஆனால் ஹப்பைத் தாங்கும் தண்டான ஸ்டப் ஆக்சிலும் அதன் முனையில் இருக்கும் நட்டும் பின்னும் சுற்றுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்ட தடம் இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. மூடியின் ஆழம் இந்த ஹப்புக்குப் போதாது, யாரோ அளவு மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அல்லது பேரிங்கில் ஆட்டம் அதிகமாகி ஹப் உள்ளும் வெளியும் நகர்கிறது. நீட்டிவிட்ட ஸ்பிளிட் பின்னின் கால் மூடியில் உரசுவதும் உண்டு. எந்தக் காரணமாக இருந்தாலும் உரசலில் வந்த இரும்புத் துகள் முழுவதும் எண்ணெயில்தான் இருக்கும். அதைக் கவனிக்காமல் அதே அளவில் புது மூடி மாட்டினால் இதுவும் அதே மாதிரி தேயும்.

அடுத்து எண்ணெய். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. நிறம் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தால் பயப்பட வேண்டாம். பல நேரங்களில் கண்ணாடிதான் உள்ளே கறை பிடித்திருக்கும், எண்ணெய் சரியாகவே இருக்கும். வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து எண்ணெய் கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கருகிய நாற்றம் அடித்தால் ஹப் மிகச் சூடாகியிருக்கிறது. காந்தத்தை எண்ணெயில் நனைத்து எடுங்கள். பூ மாதிரி மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துகளோ, செதில் செதிலாக இரும்போ வந்தால் பேரிங் உரிகிறது. வெளுத்த எண்ணெய், கருகிய நாற்றம், செதில் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் மூடி மாற்றும் வேலை அங்கே நிற்கட்டும். ஹப்பை இறக்கி, இரண்டு பேரிங்கையும் கழுவி, உருளைகளையும் ஓடுதளத்தையும் பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். புது எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உரிந்த பேரிங் எண்ணெயால் ஆறாது.

திறந்த ஹப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டைத் தடுக்கும் பூட்டு ஒழுங்காக இருக்கிறதா? ஸ்பிளிட் பின் என்றால் முறிந்திருக்கக் கூடாது, கால்கள் விரித்து மடக்கியிருக்க வேண்டும். மடக்கும் வாஷர் என்றால் அதன் காது நட்டின் தட்டையான பக்கத்தில் அழுந்திப் படிந்திருக்க வேண்டும். பின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் துண்டோ ஆணியோ கண்டால் வண்டியை நகர்த்தாதீர்கள், சரியான பின் வரும் வரை காத்திருங்கள். வெளிப்பக்க பேரிங்கின் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் வைக்கோல் நிறமோ நீல நிறமோ ஏறியிருந்தால் அது சூட்டின் அடையாளம். எல்லாம் சரியாக இருந்தால் நட்டைத் தொடாதீர்கள். வந்தது வந்தோம், இதையும் ஒரு இழுப்பு இறுக்கிவிடலாம் என்று செய்யும் காரியம் பேரிங்கைக் கெடுக்கும். அதிகமாக இறுகிய பேரிங் தளர்ந்த பேரிங்கைவிட வேகமாக எரியும்.

இறுக்கம் சரியா என்று தெரிய வேண்டுமானால் அளந்து பார்க்க வழி இருக்கிறது. அச்சின் கீழ் ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விட வேண்டாம். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங்கைக் குறை சொல்லிவிட முடியாது, முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின். துல்லியமாகப் பார்க்க, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வேண்டும். அதன் காந்தக் காலை ஹப் முகத்தில் ஒட்டி, முள்ளை ஸ்டப் ஆக்சில் முனையில் நிறுத்தி, ஹப்பை இரு பக்கமும் பிடித்துத் தள்ளி இழுத்து கேஜின் முகப்பைப் படிக்க வேண்டும். கையால் சரிசெய்யும் பேரிங்குகளுக்கு ஆர்பி 618 என்ற பரவலான பராமரிப்பு நெறிமுறை சொல்லும் அளவு 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர் வரை. அதாவது ஆட்டம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், ஆனால் கைக்குத் தெரியாத அளவில். கைக்கே தெளிவாகத் தெரிகிறது என்றால் அது அளவு தாண்டிவிட்டது. அதைச் சரிசெய்வதற்கு நட்டை இறுக்கித் திருப்பும் முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் உள்ளபடியே செய்ய வேண்டும். பூட்டைத் திறந்தால் புதுப் பின், புது வாஷர். பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்குவது வேண்டாம்.

சரியான மூடியைத் தேர்ந்தெடுப்பது பலர் நினைப்பதைவிட நுணுக்கமானது. போல்ட் துளைகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதாது. அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், விளிம்பின் கனம், உள் ஆழம் எல்லாம் பொருந்த வேண்டும். ஆழத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி: புது மூடியின் உள் நடுவில் மாவுக் களிமண்ணை உருண்டையாக ஒட்டி, பேக்கிங் வைத்து, இரண்டு போல்ட்டில் லேசாகப் பொருத்திக் கழற்றுங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் நட்டுக்கும் மூடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். பார்த்த பிறகு துளி மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். கிரீஸ் ஹப்புக்கான மூடியை எண்ணெய் ஹப்பில் போடக் கூடாது. அதில் அளவு பார்க்கவும் வழி இருக்காது, காற்றுப் போகும் முறையும் வேறு. ஒரு பக்கம்தான் கசிகிறது என்றாலும் இரண்டு பக்கமும் ஒரே வகை மூடியாக மாற்றுவது நல்லது. அடுத்த முறை ஒரு பக்கத்தோடு மறுபக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஹப்பில் குறை கண்டுபிடிப்பதற்கு அந்த ஒப்பீட்டைவிட நல்ல கருவி இல்லை.

இனி மாட்டுவது. ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஹப்பின் வாயில் சுத்தமான துணியை அடைத்துக்கொண்டு சுரண்டினால் துகள் உள்ளே விழாது. அந்தத் துணியை எடுக்க மறக்க வேண்டாம். போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். அடைத்த துளையில் எண்ணெய் நின்றால் போல்ட் அதை அழுத்திக்கொண்டு நின்றுவிடும், இறுகியது போலத் தோன்றும், மூடி இறுகியிருக்காது. போல்ட் நீளமும் அப்படித்தான். நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டும், குறைந்தால் இரண்டு மரையில் தொங்கும். மரை போயிருந்தால் பெரிய போல்ட்டைத் திணிக்காமல் மரைக்குள் கம்பிச் சுருள் பொருத்திச் சரிசெய்யும் முறையைப் பயன்படுத்துங்கள். அலுமினிய ஹப்பில் மரை எளிதாகப் போய்விடும் என்பதால் ஏர் கன்னால் மூடி போல்ட்டை இறுக்கவே வேண்டாம்.

பேக்கிங்குக்கு மேல் சிலிகான் பசை பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். மூடியோடு பேக்கிங் கொடுத்திருந்தால் பசை வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். இறுக்கும்போது பிதுங்கும் பசை உள்பக்கமும் பிதுங்கும். அது காய்ந்து உதிர்ந்து எண்ணெயோடு சுற்றி உருளைகளுக்கு நடுவே போய்ச் சேரும். பசை இல்லாமல் கசிகிறது என்றால் முகம் கீறியிருக்கிறது அல்லது விளிம்பு வளைந்திருக்கிறது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய மூடியின் விளிம்பு வளைந்ததற்கும் பெரும்பாலும் காரணம், கசிவை நிறுத்த யாரோ போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியதுதான். துளைக்குப் பக்கத்தில் விளிம்பு பள்ளமாகி, இரண்டு துளைகளுக்கு நடுவே மேடாகிவிடும். அந்த மேட்டில் கசிவு இன்னும் கூடும். உங்கள் மறுபக்க மூடியில் நடந்திருப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரான இரும்புப் பட்டையை விளிம்பின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். அப்புறம் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். 5/16 அங்குல போல்ட் வரும் மூடிகளுக்கு வழக்கமான அளவு 16 முதல் 24 நியூட்டன் மீட்டர். மூடியோடு வரும் தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. இது மிகக் குறைந்த இறுக்கம், சக்கர நட்டை இறுக்கிப் பழகிய கைக்குப் போதாதது போலத்தான் தோன்றும். போதும்.

தட்டி இறக்கும் மூடிக்கு இரண்டு விஷயங்கள். நடுவில் அடிக்காதீர்கள், குழிந்துவிடும். விளிம்பில் உட்காரும் அளவுள்ள குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள். மூடி தளர்வாக இருந்தால் துணியோ காகிதமோ டேப்போ சுற்றி இறுக்க வேண்டாம். அது சாலையில் கழன்று விழும், துணி நூல் பேரிங்கில் சுற்றிக்கொள்ளும். இன்னொன்று கிரீஸ். மூடி நிறைய கிரீஸை அப்பி அழுத்தும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பேரிங்குக்கு வேண்டிய கிரீஸ் பேரிங்கில்தான் இருக்க வேண்டும். மூடியில் துருப் பிடிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு போதும். நிறைத்து அடைத்தால் சூட்டில் கிரீஸ் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குப் போய்விடும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிரீஸ் எந்த வகை என்று தெரியாமல் வேறு வகையைச் சேர்க்கவும் வேண்டாம். லித்தியம் கிரீஸும் பாலியூரியா அல்லது களிமண் அடிப்படை கிரீஸும் கலந்தால் பல நேரம் தண்ணீராக இளகிவிடும்.

எண்ணெய் ஹப்பில் எண்ணெய் ஊற்றப் பொறுமை வேண்டும். வண்டி எந்தக் கியர் எண்ணெய் கேட்கிறதோ அதுதான். பெரும்பாலும் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 ஆக இருக்கும். சில ஹப்புகளில் பாதி இளகிய கிரீஸ் போட்டிருப்பார்கள். அதில் எண்ணெய் ஊற்றி நிரப்பக் கூடாது. திறந்தபோது வந்தது சொட்டியதா, கூழாக வழிந்ததா என்பதைக் கவனித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. அடைப்பானை எடுத்துவிட்டு மூடியின் நடுத்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கெட்டியான எண்ணெய் வெளிப்பக்க பேரிங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் குழிக்குப் போக நேரமாகும். கண்ணாடியில் இருக்கும் அளவுக் கோடு வரை வந்ததும் நிறுத்திவிட்டால் பத்து நிமிடத்தில் அளவு இறங்கியிருக்கும். சக்கரம் தூக்கியிருந்தால் கையால் சில சுற்றுச் சுற்றுங்கள், காத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். அளவு நிலையாக நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். கடைசி அளவை வண்டியின் எல்லாச் சக்கரங்களும் சமதளத்தில் நிற்கும்போதே பாருங்கள். கோட்டைத் தாண்டி நிரப்பினால் அதிக எண்ணெய் காற்றுப் போக்கி வழியாக வெளியே வரும், நீங்கள் கசிவு என்று நினைத்து மறுபடி கழற்றுவீர்கள்.

கண்ணாடியைச் சுத்தம் செய்ய பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் எதையும் தொடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் இவை மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். முதலில் மங்கும், பிறகு வெடிக்கும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உங்கள் பழைய கண்ணாடி மங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது மூடியின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு கொஞ்ச தூரம், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு பக்க ஹப் மூடிகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் புறங்கையை மூடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், டிரம்மைத் தொட வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாக அதிகம் என்றால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. விளிம்பைச் சுற்றிச் சுத்தமான காகிதத்தை ஒற்றி எடுத்து ஈரம் பாருங்கள். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு, ஹப் ஆறியதும் போல்ட்டுகளை அதே டார்க்கில் ஒருமுறை சரிபார்த்து, எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள். பேக்கிங் உட்கார்ந்ததில் ஒன்றிரண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.

அதன் பிறகு தினசரிச் சோதனையில் டயர் காற்றைப் பார்க்கும்போது கண்ணாடியையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். எண்ணெய் அளவு குறைந்துகொண்டே வந்து, வெளியே கறை எதுவும் இல்லை என்றால் அது உள்பக்கமாக, சீல் வழியாக, பிரேக்கை நோக்கிப் போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட தூரம் போகிற வண்டி என்றால் ஒரு அடைப்பான், ஒரு பேக்கிங், அரை லிட்டர் அதே எண்ணெய், முடிந்தால் ஒரு முழு மூடி, கருவிப் பெட்டியில் இருக்கட்டும். வழியில் எண்ணெய் ஹப்பின் மூடி உடைந்து எண்ணெய் போய்விட்டால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று கிளம்ப வேண்டாம். அந்த இடத்திலேயே மூடியை மாற்றி, எண்ணெய் ஊற்றி, உள்ளே மண் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டி நகர வேண்டும்.